பின்வீட்டு ஜன்னலை நான் பார்க்கவில்லை

என் வீட்டு நாட்டுக்கோழி முட்டை ஒன்றின் அடக்க விலை 576 ரூபாய். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால், வேண்டாம் என்று நினைத்தாலும் கை தானாகக் கூட்டிவிடுகிறது. கடந்த ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை கோழிக்காக நான் செலவழித்ததும் இழந்ததும் 35,150 ரூபாய். கிடைத்த முட்டைகள் 61. கடையில் வாங்கியிருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். பணம் போனதைக்கூட விடலாம். அந்த எட்டு மாதத்தில் நான் சுமந்த பயமும் அவமானமும் எந்தப் பேரேட்டிலும் ஏறாதவை. குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க ஆசைப்படுகிற ஒருவருக்காவது உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு முன்கூட்டியே இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை.

எங்களுடையது டெல்டா பக்கத்து நகரம் ஒன்றின் ஓரத்தில் புதிதாக வந்த மனைப் பிரிவு. நான்கு சென்ட் மனையில் வீடு போக, பின்னால் பத்தடிக்கு இருபத்திரண்டு அடி மண் தரை மிச்சம். கணவர் மஸ்கட்டில். வீட்டில் நானும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனும் மட்டும். நான் நத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அம்மா வீட்டில் கோழி வளர்த்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவை அங்கே இருந்தன, அவ்வளவுதான். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் குப்பைமேடு, களத்துமேடு, அடுத்த வீட்டு வாசல் என்று மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் தானாகத் திரும்பும். அதனால் எனக்குக் கோழி வளர்க்கத் தெரியும் என்று உறுதியாக நம்பினேன். உண்மையில் எனக்குத் தெரிந்திருந்தது கோழியோடு வாழ்வது. நான்கு பக்கமும் சுவர் வைத்த இடத்தில், சுவருக்கு அப்பால் முன்பின் அறியாத மனிதர்கள் படுத்துறங்கும் இடத்தில் கோழி வளர்ப்பது வேறு வித்தை.

முதல் தவறு கூண்டு வைத்த இடத்தில் நடந்தது. வெல்டிங் பட்டறையில் ஆறடிக்கு நாலடியாக இரும்புச் சட்டம் அடித்து, வலை கட்டி, மேலே தகரம் போட்டுக் கொடுத்தார்கள். ஏற்று கூலியோடு 14,200 ரூபாய். காலை வெயில் விழ வேண்டும், மதியம் முருங்கை நிழல் வேண்டும், மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது என்றெல்லாம் மூன்று நாள் யோசித்துப் பின்சுவரை ஒட்டி வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அங்கே எட்டடி தூரத்தில் பின்வீட்டுக்காரர்களின் படுக்கையறை ஜன்னல் இருந்தது. கூண்டுக்கு இடம் பார்க்கும்போது வெயிலைப் பார்க்கும் முன் ஜன்னல்களைப் பாருங்கள். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு அருகே வைக்க உங்களுக்கு மனம் வரவில்லை என்றால், அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு வரவில்லை. நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாது என்றுதான் பின்சுவர்வரை தள்ளி வைத்தேன்.

சிறுவிடை என்கிற நாட்டு இனத்தில் ஒரு மாத வயதுக் குஞ்சுகள் பன்னிரண்டு, ஒன்று 110 ரூபாய். வந்த வாரமே ஒன்றைக் காகம் தூக்கிப் போனது. இன்னொன்றைப் பெருச்சாளி கூண்டுக்கு அடியில் வளை தோண்டி வந்து இழுத்துப் போனது. காலையில் பாதி இறக்கை மட்டும் கிடந்தது. மகன் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் லாயக்கு. கீரியையும் பெருச்சாளியையும் தடுக்க அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டியான வெல்டு வலை வேண்டும். அதையும் தரைக்குக் கீழே ஓரடி இறக்கிப் புதைக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரர் சொல்லவில்லை. அவர் தொழில் இரும்பு, கோழி இல்லை.

மீதி பத்தில் மூன்று சேவல், ஏழு பெட்டை. மே மாதம் முதல் சேவல் கூவியது. தொண்டை உடைகிற விடலைப் பையன் போல ஒரு கரகரப்பு. நானும் மகனும் சிரித்தோம், அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிந்து மஸ்கட்டுக்கு அனுப்பினோம். பத்து நாளில் குரல் தேறிவிட்டது. மூன்றும் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. ஒரு நாள் மாலை பின்வீட்டு சார் வாசலுக்கு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். "அம்மா, தப்பாக நினைக்காதீர்கள், அந்தச் சேவலை ராத்திரி வேறு எங்காவது அடைக்க முடியுமா?" என்று நின்றபடியே கேட்டார். உள்ளே வாருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. "கூவாத சேவல் எங்கே சார் இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இந்தக் கதையில் நான் திரும்பப் பெற நினைப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். 35,150 ரூபாய் அதற்குப் பிறகுதான்.

முட்டைக்காக வளர்ப்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. படித்த என் அலுவலகத் தோழிகளே இதை நம்ப மறுக்கிறார்கள். சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். சேவல் இல்லாமல் இட்ட முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமானால் கருவுற்ற முட்டையை வெளியே வாங்கி அடைக்கோழியின் வயிற்றடியில் வைத்தால் 21 நாளில் பொரித்துவிடப் போகிறது. நான் சேவலை வைத்திருந்ததற்கு ஒரே காரணம் அது பார்க்க அழகாக இருந்தது.

கூவலை அடக்க நான் செய்த கோமாளித்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். கூண்டைச் சுற்றிக் கறுப்புத் தார்பாய் கட்டினேன், இருட்டாக இருந்தால் கூவாது என்று. கூவியது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். நாள் முழுவதும் ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்தாலும் சேவல் தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி கூவுகிறதாம். அடுத்து, மூன்றில் உரக்கக் கூவியதை மட்டும் விற்றேன். இரண்டே நாளில் அடுத்தது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதையும் அதே குழுவினர் 2015இல் சொல்லியிருக்கிறார்கள்: கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும், அதை எடுத்துவிட்டால் அடுத்தது முதலாவதாகும். அலுவலக அரசியல் போலத்தான். பிறகு மீதி இரண்டையும் இரவில் குனிந்தே நிற்க வேண்டிய உயரமில்லாத பெட்டியில் அடைத்துக் குளியலறையில் வைத்தேன். கழுத்தை நீட்ட முடியாததால் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் மூன்றரை மணிக்கு அந்த அரைகுறைக் கூவல் ஓடு பதித்த குளியலறைக்குள் எதிரொலித்து எங்கள் இருவரையும் எழுப்பியது. இரண்டு வாரம் அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போனேன். வரவில் ஒரு சைபர் கூடுதலாகப் போட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதும் எனக்கு என்மீதுதான் இரக்கம் வந்தது, பின்வீட்டார் மீது வரவில்லை. அலுத்துப்போய்ச் சேவல்களை மறுபடி கூண்டுக்கே மாற்றினேன்.

ஜூலை நடுவில் முட்டை வரத் தொடங்கியது. அதே சமயம் இரண்டு மூன்று மழை. கூண்டுத் தரையில் எச்சம் நனைந்து, நடுப்பகலில் கண்ணை எரிக்கும் அந்த அம்மோனியா வாடை கிளம்பியது. ஈ மொய்த்தது. நான் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சுத்தம் என்று நினைத்து நான் செய்த அந்த வேலைதான் நாற்றத்தைப் பெருக்கியது. கோழி எச்சம் காய்ந்து கிடந்தால் அவ்வளவாக வாடை வராது. ஈரம்தான் எதிரி. தரையில் நாலு விரல் கனத்துக்கு நெல் உமி பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எடுத்துப் புது உமி போட வேண்டும். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக வளர ஏறக்குறைய பத்து நாள் ஆகிறது. வாரம் இருமுறை அள்ளினால் புழு ஈயாவதற்குள் போய்விடும். அள்ளியதைத் தெருவோரம் கொட்டாதீர்கள். மூடியிட்ட தொட்டியில் காய்ந்த சருகோடு போட்டு மக்கவிட்டால் முருங்கைக்கும் வாழைக்கும் நல்ல எரு. பச்சையாகப் போட்டால் செடி கருகும், நான் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கருக்கியிருக்கிறேன்.

ஆகஸ்டில் பேராசை பிடித்தது. வாரச் சந்தையில் நான்கு விடைக்கோழிகள், 2,150 ரூபாய். விற்றவரிடம் தடுப்பூசி போட்டதா என்று கேட்டேன். "எல்லாம் போட்டாகிவிட்டது அக்கா" என்றார். எந்த ஊசி, எந்தத் தேதி என்று கேட்கவில்லை. என் பழைய கோழிகளுக்கும் குஞ்சு வாங்கிய இடத்தில் சொன்ன அதே ஒற்றை வாக்கியத்தைத்தான் நம்பியிருந்தேன். நான்கையும் அன்றே கூண்டுக்குள் விட்டேன். ஐந்தாம் நாள் புதியதில் ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அதற்கடுத்த நாள் என் செவலைப் பெட்டை, மகன் பெயர் வைத்துக் கூப்பிடுகிற கோழி, கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. மருந்துக்கடையில் ஏதேதோ பொடி வாங்கித் தண்ணீரில் கலந்தேன். 780 ரூபாய். ஒன்பது நாளில் பதின்மூன்று கோழிகளில் பத்து போயின. ஒவ்வொரு காலையும் கதவைத் திறக்கும் முன் எண்ணிக்கையை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பேன். கணவரிடம் தொலைபேசியில் சொன்னால், "கோழிதானே, விடு" என்றார். தப்பாகச் சொல்லவில்லை அவர். ஆனாலும் அன்று அழுகை வந்தது.

நோய் கண்ட ஐந்தாம் நாள்தான் செத்த கோழி ஒன்றை இரட்டைப் பையில் சுற்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டும். மருத்துவர் அறுத்து, இரைப்பையின் உட்சுவரில் குண்டூசி முனை அளவுக்குச் சிவந்த புள்ளிகளைக் காட்டினார். வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்கிறார்களே, அதுதான். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே தருகிறேன். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. முதல் இரண்டின் காப்பு கொஞ்ச காலத்துக்குத்தான், எட்டாம் வார ஊசியை விட்டால் வளர்ந்த கோழிக்குப் பாதுகாப்பு இல்லை. என்னுடையவற்றுக்கு அந்த ஊசி விழவே இல்லை. மருந்துக் குப்பி ஒன்றில் நூறு, இருநூறு கோழிக்கான மருந்து இருக்கும், குளிரிலேயே வைக்க வேண்டும், கலக்கினால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழிக்காரர் தனியாக வாங்கினால் முக்கால்வாசி வீண். அதனால் மருந்தகத்தில் எந்தக் கிழமை கோழிக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுக் கூடையோடு போய்விடுவது நல்லது. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார இலவச முகாம் நடத்துகிறது, அதையும் விடாதீர்கள். புதிதாக எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம், அங்கே போட்ட செருப்போடு இங்கே வரக் கூடாது. செத்ததை வாய்க்காலில் வீசாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நோய்வாய்ப்பட்டதை அறுத்துக் குழம்பு வைக்கும் யோசனையே வேண்டாம்.

மருந்தகத்திலிருந்து திரும்பினால் வீட்டுக் கதவில் கடிதம் ஒட்டியிருந்தது. உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து. சுகாதாரக் கேடும் இரைச்சலும் உண்டாக்கும் கோழிகளை ஏழு நாட்களுக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை. பாதிக் கோழி ஏற்கெனவே மண்ணுக்குள். தெரு முழுவதும் அந்தத் தாளைப் படித்திருக்கும் என்ற கூச்சத்தில் இருட்டியபின் போய்க் கிழித்தெடுத்தேன், ஏதோ களவு செய்வது போல. இரவெல்லாம் சிறைக்குப் போவது போலக் கற்பனை. மறுநாள் வக்கீலிடம் 1,500 ரூபாய் கொடுத்து ஆலோசனை. அவர் சிரித்துவிட்டுச் சொன்னது: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லை என்றால் என்ன என்று 270ஆம் பிரிவு சொல்கிறது, 292இன்படி அதற்கு அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. இரைச்சல் விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தவை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. எந்தச் சேவலும் அந்த வரம்புக்குள் கூவாது. ஆகவே வழக்காடி ஜெயிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றார். மொத்தம் நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு, 3,200 ரூபாய்.

உள்ளாட்சி அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளர் கடுமையானவர் இல்லை. ஒரு வீட்டில் எத்தனை கோழி வரை வைக்கலாம் என்று கேட்டேன். "புகார் வராத எண்ணிக்கை வரை" என்றார். முதலில் கோபம் வந்தது. யோசித்தால், அதுதான் நம் ஊர்களின் நடைமுறைச் சட்டம். நியூயார்க் நகரில் பெட்டைக்கோழி வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது என்று சுகாதார விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் பத்துக் கோழி வரை என்று ஓர் எண் இருக்கிறது. நம்மிடமும் அப்படி நாலு வரி எழுதிவைத்தால் வளர்ப்பவருக்கும் நிம்மதி, பக்கத்து வீட்டாருக்கும் நிம்மதி. பெட்டை மட்டும், ஆறுக்கு மேல் இல்லை, பிறர் ஜன்னலிலிருந்து இத்தனை அடி தள்ளி, தடுப்பூசிச் சீட்டு கையில். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் சேவலே வைத்திருக்க மாட்டேன். எழுத்தில் இல்லாதவரை முடிவு பக்கத்து வீட்டாரின் பொறுமையில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

அன்று மாலை பின்வீட்டுக்குப் போனேன். மூன்றரை வருடத்தில் அந்த வாசலில் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை. சார் நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார். ஏப்ரலில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. இரவெல்லாம் வலி, மூன்று மணிக்கு மேல்தான் கண் அயர்வாராம். நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கோழிகள் செத்ததைச் சொன்னபோது அந்த அம்மா, "எல்லாமா?" என்று கேட்டார். மூன்று மிச்சம் என்றேன். "அதில் சேவல்?" ஒன்று என்றேன். மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சார் புகாரைத் திரும்பப் பெறவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் சேவலைத் தெருக்கோடி இறைச்சிக் கடைக்குக் கொண்டு போனேன். என் அம்மா ஊருக்கு அனுப்பினால் நோயையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கடைக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் அதை வாங்க மறுத்தார். சரியான மனிதர். கடைசியில் மருத்துவரே வழி செய்தார். மீதி இரண்டு பெட்டைகளையும் அதே வாரம் இழந்தேன்.

கூண்டைச் சுண்ணாம்படித்து, தரை மண்ணை ஒரு சாண் வெட்டியெடுத்து மாற்றி, மூன்று மாதம் வெறுமையாக வெயிலில் போட்டேன். புது வலை, கூலி எல்லாம் 6,400 ரூபாய். பிறகு கூண்டை என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மாற்றினேன். இந்தத் தை மாதம், ஊசி போட்ட தேதி எழுதிய சீட்டோடு ஆறு குஞ்சுகள் வாங்கினேன், ஒவ்வொன்றும் பெட்டை என்று விற்றவர் சத்தியம் செய்தார். வாங்கும் முன் மூன்று பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னேன். பெட்டை முட்டையிட்டால் கொக்கரிக்கும், அது பகலில் சில நிமிடம், சேவல் கிடையாது என்றேன். சார், "பார்க்கலாம் அம்மா" என்றார்.

நாட்டுக்குஞ்சில் ஒரு மாத வயதில் ஆண் பெண் பார்ப்பது பழகியவர்களுக்கே தவறும். பத்து வாரம் ஆனால் சேவலுக்குக் கொண்டை முந்திச் சிவக்கும், முதுகுச் சிறகு நுனி கூராகும். நேற்று உமி கிளறும்போது பார்த்தேன். ஆறில் சாம்பல் நிறத்ததன் கொண்டை மற்றவற்றைவிடச் சிவந்திருக்கிறது. மகன் இல்லவே இல்லை என்கிறான். ஞாயிற்றுக்கிழமை நத்தம் போகும் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.